பதினோரு வாரப் பாக்கி

அஞ்சு நிமிஷமெல்லாம் ஒரு தாமதமா, இன்றைக்குச் சனிக்கிழமை, சம்பளக் கிழமை, வரிசையில் நின்று கவரை வாங்கி, எண்ணிப் பார்த்து, குறைந்திருந்தால் சூப்பர்வைசரிடம் நாலு வார்த்தை மல்லுக்கட்டிவிட்டுக் கம்பெனி கேட்டைத் தாண்டுவதற்குள் ஆறு மணி ஆகத்தான் செய்யும், பிறகு மளிகைக்கடை இருக்கிறது, கறிக்கடையில் கூட்டம் இருக்கிறது, வருவாள், வராமல் எங்கே போய்விடுவாள், பெற்றவள் அல்லவா என்று நினைத்துக்கொண்டே சுலோச்சனா பாய்களைச் சுருட்டினாள். பதினாலு பிள்ளைகள், பதினாலு பாய். பதிமூன்றைச் சுருட்டிச் சுவரோரம் சாய்த்தாயிற்று. பதினாலாவது பாயின்மேல் கனிஷ்கா உட்கார்ந்திருந்தாள், இரண்டரை வயசு, ஒரு காலில் மட்டும் சாக்ஸ், இன்னொன்று காலையில் வரும்போதே இல்லை, வாசலையே பார்த்தபடி. எந்திரி கண்ணு, பாயச் சுருட்டோணும் என்றால் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். செரி இரு, உன் அம்மா வந்து உன்னையும் பாயையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு போகட்டும். திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு நடுவே இந்த இரண்டு அறை வீட்டைப் பிடித்து, வாசலில் குழந்தைகள் காப்பகம் என்று போர்டு மாட்டி ஒன்பது வருஷம் ஆகிறது, ஒன்பது வருஷத்தில் எத்தனை ஆறு மணி பார்த்திருக்கிறாள், ஆறரை பார்த்திருக்கிறாள், ஏழுகூடப் பார்த்திருக்கிறாள். ஆனால் இன்றைக்கு வாசலில் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் அந்தப் பிள்ளை நிமிர்வதற்கு முன்னால் இவள் நிமிர்ந்துவிடுகிறாள், அதுதான் ஏனென்று தெரியவில்லை. தெரியவில்லையா என்ன, நல்லாத் தெரியும். மத்தியானம் போனில் அப்படிப் பேசியிருக்க வேண்டாம்.

பேசாமல் என்ன பண்ணுவது, பதினோரு வாரம். வாரம் நானூற்றைம்பது, பதினோரு வாரத்துக்கு நாலாயிரத்துத் தொள்ளாயிரத்தைம்பது. ஒரு வாரம் விட்டால் அடுத்த வாரம் சேர்த்துக் கொடுப்பார்கள், இரண்டு வாரம் விட்டால் தலையைச் சொறிவார்கள், மூன்று வாரம் விட்டவர்கள் மூஞ்சியைக் காட்டமாட்டார்கள், இது இந்த ஊர்க் கணக்கு, அவளுக்கு அத்துப்படி. ஒருத்தன் போனை நீட்டுவான், பாருங்க்கா பணம் அனுப்பிட்டேன், சுத்திக்கிட்டே இருக்குது, நெட்டு இல்லை என்பான், மூன்று வாரமாகச் சுற்றுகிறது அந்த வட்டம், இன்னும் நின்றபாடில்லை. ஒருத்தி, தீபாவளிக்கு ஒன்பது நாள் கம்பெனி லீவுங்க்கா, பிள்ளை உங்ககிட்ட இல்லை, சாப்பிடலை, தூங்கலை, அதைக் கழிச்சுக்கங்க என்று விரலை மடக்குவாள், வீட்டுக்காரன் ஒன்பது நாள் வாடகையைக் கழிப்பானா தாயே என்று கேட்டால் அது வேற இது வேற என்பாள். அதெல்லாம் பரவாயில்லை, நேரில் வந்து பொய் சொல்கிறார்கள், சண்டையாவது போடலாம். இந்தப் பேச்சியம்மாள் இருக்கிறாளே, தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து பவர்டேபிள் மிஷினில் பனியன் தைக்கிறவள், அவள் சண்டைக்கே வரமாட்டாள். காலையில் பிள்ளையைக் கேட்டுக்குள் விட்டுவிட்டு, சுலோச்சனா அடுப்படியிலிருந்து வெளியே வருவதற்குள் தெருமுனையைத் தாண்டியிருப்பாள். சாயங்காலம் தினம் ஒரு ஆள் வருவார். ஒரு நாள் அவள் குடியிருக்கிற லைன் வீட்டில் பக்கத்து அறைக்காரி, ஒரு நாள் கூட வேலை செய்கிற பிள்ளை, ஒரு நாள் ஷேர் ஆட்டோக்காரர். எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க, கூட்டியாரச் சொன்னாங்க. ஆட்டோக்காரரிடம் போய்ப் பதினோரு வாரத்தைக் கேட்க முடியுமா, அவர் பாவம் இவளிடம் ஆட்டோக் கூலி கேட்காமல் போனதே பெரிய விஷயம். அடி கெட்டிக்காரி, யாரை அனுப்பினால் கேட்க வாய் வராதோ அவர்களாகப் பார்த்து அனுப்புகிறாள் என்று சமையலுக்கும் கூடமாட ஒத்தாசைக்கும் வருகிற ராசாத்திதான் கண்டுபிடித்தாள். ராசாத்திக்கே இரண்டு வாரச் சம்பளம் நிற்கிறது, அதனால் அவளுக்குக் கண் கூர்மை.

ராசாத்தி சொல்லிக்கொடுத்ததுதான். மத்தியானம் பிள்ளைகளைத் தூங்கப் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டே, “அக்கா, நீங்க இப்படியே வாய்ல வெரலு வெச்சா கடிக்கத் தெரியாதவங்களாட்ட இருந்தீங்கன்னா, நாம ரெண்டு பேரும் மறுபடி கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போவ வேண்டியதுதானுங். கறாரா ஒரு வார்த்தை. திங்கக்கிழமையில இருந்து புள்ளையக் கொண்டாராதே. அவ்வளவுதான். சொல்லிட்டுப் போன வெச்சுருங்க” என்றாள். திங்கக்கிழமையில இருந்து புள்ளையக் கொண்டாராதே. திங்கக்கிழமையில இருந்து புள்ளையக் கொண்டாராதே. சுலோச்சனா இதை இட்லிக்கு அரிசி களைகிறபோது ஒரு தரம், டவல் மடிக்கிறபோது ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள், கஷ்டமான வாக்கியமா அது, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட ஒப்பிக்கும். மூன்று வாரமாக எடுக்காத போனைப் பேச்சி இன்றைக்குப் பார்த்து எடுத்துவிட்டாள். பின்னால் தையல் மிஷின் சத்தம். எடுப்பாள் என்று சுலோச்சனா எதிர்பார்க்கவில்லை. அப்புறம் பதினோரு வாரமும் மொத்தமாகத் தொண்டைக்கு வந்தது. என்ன புள்ள நெனச்சுட்டிருக்கற, நான் என்ன சத்திரமா நடத்தறேன், என்று ஆரம்பித்து என்னென்னவோ போய், கடைசியில், கடைசியில்தான், “இன்னைக்குக் காச வெச்சுட்டுப் புள்ளையக் கூட்டிட்டுப் போ” என்று வந்துவிட்டது. அந்தப் பக்கம் மிஷின் சத்தம் நின்றது. “சரிக்கா” என்றாள் பேச்சி. போன் வைத்தாயிற்று. ராசாத்தி ஈரக்கையோடு வந்து, என்ன அக்கா, நான் சொல்லிக்கொடுத்தது ஒண்ணு, நீங்க சொன்னது ஒண்ணு என்றாள். எல்லாம் ஒண்ணுதான் போ என்று சுலோச்சனா அவளை விரட்டினாள். ஆறு மணிக்கு ராசாத்தியும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போய்விட்டாள்.

எல்லாம் ஒண்ணா? ஒன்று இல்லையே. கொண்டாராதே என்றால் நாளைக்கு உன் பிள்ளை உன் பாடு. காசை வைத்துவிட்டுக் கூட்டிப் போ என்றால், வைக்காவிட்டால்? வைக்காவிட்டால் என்ன என்று அவள் நினைக்கவே இல்லை, சத்தியமாக நினைக்கவில்லை, கோபத்தில் யாரும் சொல்கிறதுதான், பால்காரன் சொல்கிறான், காசை வெச்சுட்டுப் பாக்கெட்டைத் தொடுங்க என்கிறான், அதற்காகப் பால் கெட்டுப்போகும்வரை கையில் பிடித்துக்கொண்டா நிற்கிறான். மணி ஆறு நாற்பது. ஒரு போன் போட்டால் தீர்ந்தது. போட்டாள். தாங்கள் அழைத்த எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது. மறுபடி போட்டாள், மறுபடியும் அதே பெண் அதே மரியாதையோடு அதையே சொன்னாள். பார்த்தாயா, அணைத்து வைத்திருக்கிறாள், எங்கேயோ ஜாலியாக இருந்துகொண்டு, கவரையும் வாங்கிக்கொண்டு, இவள் கூப்பிடுவாள் என்று தெரிந்தே. இல்லை, சார்ஜ் இருக்காது. இல்லை, பஸ்ஸில் இருப்பாள். எந்த பஸ்ஸில்? தென்காசி பஸ்ஸிலா? அய்யோ, இதென்ன நினைப்பு, வாயைக் கழுவு. கனிஷ்கா எழுந்து வந்து இவள் சேலை முந்தானையின் ஓரத்தைப் பிடித்துப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டினாள். தூக்கம் வந்தால் அப்படித்தான், எந்தத் துணியாவது வேண்டும், ஓரம் வேண்டும், மத்தியானம் பாவாடை ஓரத்தை உருட்டி உருட்டித்தான் தூங்கினாள். தூங்காதே சாமி, இப்பத் தூங்கினா ராத்திரி உங்கம்மாளத் தூங்க விடமாட்டே என்றாள். ராத்திரி உங்கம்மாள்.

ஒரு பிஸ்கட்டைக் கொடுத்தாள். பிள்ளை வாங்கிக்கொண்டது, தின்னவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தது. தின்னு கண்ணு. ம்ஹூம். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் சுலோச்சனாவுக்குச் சோம்பு வாசம் அடித்தது. வீட்டில் சோம்பே இல்லை. கல்லாப்பெட்டிமேல் ஒரு தட்டில் சோம்பு, பக்கத்தில் கம்பியில் குத்திய பில்லுகள், தாராபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஓட்டல், அப்போது அவளுக்கு ஏழு வயசு இருக்குமா, எட்டு இருக்குமா. அப்பாவும் அவளும் சாப்பிட்டுக் கைகழுவி வந்தார்கள். அப்பா சட்டைப் பையில் கைவிட்டார், டவுசர் பையில் விட்டார், மறுபடி சட்டைப் பையில். பஸ்ஸில் பணத்தை அடித்துவிட்டார்கள் என்று அவர் சொன்னதை ஓட்டல்காரர் நம்பவில்லை, தினம் பத்துப் பேர் இப்படிச் சொல்கிறார்கள் என்றார். கல்லாவில் உட்கார்ந்திருந்த அவருக்கு ஒரு பல் தங்கப் பல், கையில் பில், இரண்டு சாப்பாடு ஒரு ஆம்லெட். இவளை ஒரு பார்வை பார்த்தார், மடியிலிருந்த துண்டை உதறிப் பக்கத்து ஸ்டூலில் போட்டார், உட்காரு பாப்பா என்றார். அப்பாவிடம் சொன்னார். என்ன சொன்னார்? காச வெச்சுட்டுப் புள்ளையக் கூட்டிட்டுப் போ. சுலோச்சனா பாயில் சட்டென்று உட்கார்ந்துவிட்டாள். இதே வார்த்தை. அட்சரம் பிசகாமல் இதே வார்த்தை. நாற்பத்திமூன்று வருஷமாக எங்கே கிடந்தது இது, இத்தனை பேரிடம் பாக்கி வசூலித்திருக்கிறாள், ஒரு தரம் வந்ததில்லை, இன்றைக்குப் பார்த்து ராசாத்தி சொல்லிக்கொடுத்ததைத் தள்ளிவிட்டு அந்த ஆள் இவள் வாயில் வந்து உட்கார்ந்துகொண்டானே.

அவர் கெட்டவர் இல்லை, அதுதான் இன்னும் குழப்பம். தேன்மிட்டாய் ஒன்று கொடுத்தார். இவள் தின்னவில்லை. தின்றால் அதற்கும் காசு சேர்ந்துவிடும், அப்பா கொண்டு வருகிற பணம் பத்தாமல் போய்விடும், அப்புறம் மறுபடி போக வேண்டும், இவள் மறுபடி ஸ்டூலில் உட்கார வேண்டும். மிட்டாய் உள்ளங்கையில் உருகிப் பிசுபிசுத்தது, கையைத் திறக்கவே இல்லை. எவ்வளவு நேரம்? வெயில் கல்லாவிலிருந்து வாசப்படிக்கு நகர்ந்த நேரம். அப்புறம் யார் வந்தது? அப்பாவா? அப்பாதான், இல்லை, தாராபுரத்திலிருந்த பெரியம்மாவா, பெரியம்மா வீட்டில் அன்றைக்கு ராத்திரி தங்கினார்கள் என்று ஒரு ஞாபகம், ஆனால் அது வேறு ஒரு தடவையாகவும் இருக்கலாம். வந்து கூட்டிப் போன கை ஞாபகமே இல்லை, உட்கார்ந்திருந்தது மட்டும் இருக்கிறது. அப்பா எங்கே போய் யாரிடம் வாங்கி வந்தார் என்று ஒரு நாளும் அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை, அவர் செத்து இருபது வருஷம் ஆச்சு, இனி யாரிடம் கேட்பது. இவள் ஒரு தடவையாவது தலையைத் திருப்பித் தெருவைப் பார்த்தாளா? பார்க்கவில்லை. சோம்புத் தட்டையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

ஏழு பத்து. கனிஷ்கா மடியில் வந்து படுத்துவிட்டாள், ஒரு கையில் பிஸ்கட், ஒரு கையில் முந்தானை ஓரம். இப்போது என்ன செய்வது என்று ஒழுங்காக யோசிக்க வேண்டும். லைன் வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம், ஆனால் எந்த லைன் வீடு, அட்ரஸ் நோட்டில் பள்ளிவாசல் பின்புறம் என்று மட்டும் இருக்கிறது, சேர்க்கும்போது கேட்டு எழுதியிருக்க வேண்டும், காசைக் கேட்கத் தெரிகிறது, கதவு நம்பரைக் கேட்கத் தெரியவில்லை. போலீஸுக்குப் போனால்? ஒரு குழந்தையை விட்டுட்டுப் போயிட்டாங்க சார். ஏம்மா விட்டுட்டுப் போனாங்க, நீ என்ன சொன்னே? நான் காசை வெச்சுட்டு. வேண்டாம். நினைக்கவே காது சுட்டது. ஒருவேளை வராமலே போய்விட்டால், இன்றைக்கு இங்கேயே தூங்கட்டும், நாளைக்கு ஞாயிறு, திங்கட்கிழமை வாடகை, ஒன்பதாயிரம், வீட்டுக்காரர் இந்தத் தடவை நேரில் வருகிறேன் என்றிருக்கிறார், நேரில் வந்தால் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார், பதினாலு பிள்ளைகளைத் தெருவிலா வைப்பாள். இவளும் யாருக்கோ பாக்கிதான். அய்யோ, பேச்சி, உன் பாக்கி ஒரு மயிரும் வேண்டாம், நீ வந்துரு. இல்லை, பாக்கியும் வேண்டும், பொய் சொல்வானேன், பாக்கியும் வேண்டும், நீயும் வரவேண்டும். இரண்டையும் ஒன்றாக நினைத்தால்தான் தலை சுற்றுகிறது, ஒன்றை நினைக்கும்போது மற்றொன்று கழன்று போகிறது. வந்தால் என்ன சொல்வது? பரவாயில்லை என்றால் பன்னிரண்டாவது வாரம் வரும். கோபமாகப் பேசினால் அந்தத் தங்கப்பல்காரன் மறுபடி வருவான். ஒன்றும் சொல்லாமல் பிள்ளையைக் கொடுத்துவிடலாம். முதலில் வரட்டும். வாசலில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. தபதபவென்று எழுந்தாள், எதிர் வீட்டுக்காரர். நீங்களா என்று கேட்டுவிட்டாள், அவர் ஒன்றும் புரியாமல், ஆமாங்க நான்தான் என்று உள்ளே போனார்.

ஏழரை ஆயிற்று. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். உள்ளே இருக்க முடியவில்லை, அவ்வளவுதான், எதற்கென்று வரவில்லை. சம்பளக் கிழமைத் தெரு கலகலவென்று கிடந்தது, பேக்கரியில் பஃப்ஸ் வாங்குகிற கூட்டம், தள்ளுவண்டியில் காளான் வறுக்கிற வாசம், கையில் கவரோடு எல்லாரும் எங்கேயோ போகிறார்கள். பேக்கரியைத் தாண்டி டிரான்ஸ்ஃபார்மர் கம்பத்தடியில் ஒருத்தி நின்றிருந்தாள். கையில் ஒரு துணிப்பை. பஸ்ஸுக்கு நிற்கிறவள் மாதிரி, ஆனால் அங்கே பஸ் நிற்காது. சுலோச்சனா பார்த்தாள், பார்த்ததும் அவள் கம்பத்துக்குப் பின்னால் அரை அடி நகர்ந்தாள். பேச்சி! கூப்பிட்டாளா மனசுக்குள் நினைத்தாளா தெரியவில்லை, ஆனால் அவள் திரும்பினாள். ஒவ்வொரு வண்டியாகப் பார்த்து, நிதானமாக, வர இஷ்டமில்லாதவள் மாதிரி ரோட்டைக் கடந்து வந்தாள். கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள். இருபத்திமூன்று வயசு இருக்கும், இவ்வளவு சின்னப் பிள்ளையா இவள், பதினோரு வாரமாக முதுகைத்தானே பார்த்திருக்கிறாள். காதில் தோட்டுக்குப் பதில் ஈர்க்குச்சி சொருகியிருந்தது.

“எத்தனை நேரமாப் புள்ள அங்க நிக்கறே?”

“ஆறரையில இருந்துக்கா.”

“வந்து கூட்டிட்டுப் போறதுக்கென்ன? நான் இங்க... ஏம்புள்ள, போன என்ன பண்ணுனே?”

“வச்சுட்டேங்கா.”

அணைத்து வைத்துவிட்டாள் என்றுதான் சுலோச்சனா முதலில் நினைத்தாள். பேச்சி பைக்குள் கைவிட்டு நாலாக மடித்த ரூபாயை எடுத்தாள். “போன செல்போன் கடையில அடகு வச்சேன், ஆயிரத்து இருநூறு குடுத்தான். தோடு ஆயிரத்து எண்ணூறு. மூவாயிரம் இருக்குக்கா. சம்பளக் கவரு லைன் வீட்டு வாடகைக்கே போயிருச்சு. எங்க வீட்டுக்காரரு ஊருக்குப் போனவரு திரும்பலக்கா, யார்ட்ட கேக்கன்னு தெரியல. முழுசும் இல்லாம எப்படி வரன்னுதான் அங்கனயே நின்னுட்டேன்.” அழவில்லை, கணக்கு ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். தோளில் கிடந்த பிள்ளையை அவள் தொடவும் இல்லை, பார்த்தாள், பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டாள். பிறகு துணிப்பையைக் கேட்டுக்கு மேலே நீட்டினாள்.

“இதுல அவ போர்வை இருக்குக்கா. ஓரத்தக் கையில குடுத்துட்டா தானாத் தூங்கிருவா, தட்ட வேண்டாம். ராத்திரி ஒரு தடவ பால் கேப்பா, பாட்டிலு உள்ள இருக்கு. மீதி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத திங்கக்கிழமை எப்படியும் கொண்டாந்து குடுத்துட்டுக் கூட்டிட்டுப் போயிருதேன். ரெண்டு ராத்திரிதானக்கா. அழுதா மட்டும் அடிச்சுராதிய.”

பை இருவருக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. சுலோச்சனா ஒன்றரை மணி நேரமாக என்னென்னவோ யோசித்து வைத்திருந்தாள், இதை யோசிக்கவில்லை. அடக் கடவுளே, புள்ள, நான் அப்படியா சொன்னேன் என்று கேட்கலாமென்றால், அப்படித்தான் சொன்னாள். கேட்டைத் திறந்தாள், திறக்கத் தெரியாதவள் மாதிரி இரண்டு தடவை தாழ்ப்பாளைத் தப்பாக இழுத்தாள், தோளிலிருந்து பிள்ளையை எடுத்து அவள் கையில் திணித்தாள். “புடி. புடி புள்ள, எடுத்துட்டுப் போ.” சத்தம் போட்டாள் போலிருக்கிறது, பேக்கரிக் கூட்டத்தில் இரண்டு பேர் திரும்பினார்கள். பேச்சி பிள்ளையை வாங்கிக்கொண்டாள், ஆனால் முகத்தில் ரத்தமே இல்லை. “அப்ப திங்கக்கிழமையில இருந்து கொண்டாரக் கூடாதாக்கா?” என்றாள்.

மத்தியானம் மனப்பாடம் பண்ணிய அந்த வாக்கியம். சுலோச்சனா கையில் மூவாயிரம் இருந்தது, எப்போது வாங்கினாள் என்று தெரியவில்லை, வாங்கித்தான் இருக்கிறாள், விரல்கள் அதை மூடிக்கொண்டிருந்தன. அதிலிருந்து ஆயிரத்து இருநூறை எண்ணி எடுக்க மூன்று தடவை ஆயிற்று, எண்ணிக்கை தப்பித் தப்பிப் போனது. பைக்குள் போர்வைமேல் அதை வைத்தாள்.

“போன மொதல்ல மீட்டு எடு” என்றாள். “நான் கூப்புட்டா எடு. திங்கக்கிழமை எட்டு மணிக்குப் புள்ளையக் கொண்டா. நீயே கொண்டா.”

பேச்சி தலையாட்டினாள், நகரவில்லை. ஏன் நிற்கிறாள் என்று பார்த்தால், தூங்கிவிட்ட பிள்ளையின் கை சுலோச்சனாவின் முந்தானையை விடவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. பிரித்த கையில் பேச்சி போர்வையின் ஓரத்தை எடுத்து வைத்தாள், விரல்கள் மூடிக்கொண்டன. இன்னொரு கையில் பிஸ்கட் பிசுபிசுவென்று அப்படியே இருந்தது.